மாமா பெயருக்குக் கீழே ஒரு பதவி

அப்பாவிடம் பதினாறு கரை வேட்டிகள் இருந்தன. கரை என்ன நிறம் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். பழைய கட்சி, புதுக் கட்சி என்று மட்டும் எழுதுகிறேன். இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் வீட்டில் காப்பி குடித்திருக்கிறார்கள், இரண்டு பேரையும் நான் வாசல்வரை போய் வழியனுப்பியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பதினாறு வேட்டிகளும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. முந்தின நாள்தான் அப்பா சென்னைக்குப் போய்ப் புதுக் கட்சியில் சேர்ந்திருந்தார். டிவியில் நாங்களும் பார்த்தோம். சால்வை போர்த்தினார்கள், அப்பா கும்பிட்டார், சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை. போட்டோ ஸ்டுடியோவில் 'கொஞ்சம் சிரிங்க சார்' என்று சொன்னால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அம்மா அந்த நேரம் பார்த்து மாவு அள்ளப் போய்விட்டாள்.

இருபத்தெட்டு வருடம் பழைய கட்சியில் இருந்தவர் அப்பா. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சாதாரண உறுப்பினராக ஆரம்பித்து ஒன்றியச் செயலாளர் வரைக்கும் வந்தார். நல்ல பேச்சாளர். ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம் என்று எங்கே கூட்டம் போட்டாலும் அப்பா பேசுகிறார் என்றால் பெண்கள்கூட வந்து தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். எதிர்க்கட்சித் தலைவரைக் கிண்டலடிக்க அவரிடம் ஒன்பது கதைகள் இருந்தன. ஒன்பதும் எனக்கு மனப்பாடம். அந்த எதிர்க்கட்சிதான் இப்போது அவர் சேர்ந்த புதுக் கட்சி. சேர்ந்த பிறகு எட்டு மாதம் அவர் மேடையேறவில்லை. தொண்டை சரியில்லை என்று சொன்னார். 'தொண்டைக்கு ஒண்ணும் இல்ல, கதையெல்லாம் ரிவர்ஸ் கியர் போட்டுக்கிட்டு இருக்காரு' என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஏன் மாறினார் என்று கேட்டால் மூன்று பதில் உண்டு. கொள்கை வேறுபாடு என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். மரியாதை இல்லை என்று வீட்டில் சொன்னார். 'சீட்டு' என்று அம்மா ஒரே சொல்லில் சொன்னாள். மூன்று தேர்தலில் அவருக்குத்தான் சீட்டு என்று தலைமையிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார்கள். மூன்று முறையும் வெளியூர்க்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். அந்த மூவருக்கும் அப்பாதான் வீதி வீதியாகப் போய் ஓட்டுக் கேட்டார். மூன்றாவது முறை கேட்டுவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் இனி இங்கே இருக்கமாட்டார் என்று.

வேட்டி மூட்டை கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவுடன் பிறந்த அண்ணன். இரண்டு தெரு தள்ளி வீடு. கொஞ்சம் மல்லிகைக் கொல்லை, கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் ஒரு சின்னக் கமிஷன் கடை. அப்பாவும் மாமாவும் ஒரே நாளில், ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டுப் பழைய கட்சியில் சேர்ந்தவர்கள். அப்பா ஏறிக்கொண்டே போனார். மாமா கிளைச் செயலாளரோடு நின்றுவிட்டார். அவருக்கு அதற்கு மேல் ஆசையும் இல்லை, மைக்கைப் பிடித்தால் பேச்சும் வராது. ஊர் முக்கில் இருக்கிற கொடிக்கம்பத்துக்கு வருடா வருடம் பெயிண்ட் அடிப்பார். கூட்டம் என்றால் மாலை அவர் கடையிலிருந்து போகும். அவருடைய அரசியல் அவ்வளவுதான்.

மாமா மூட்டையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"இத என்ன செய்யப் போறீங்க?"

"வண்டி தொடைக்கக் குடுத்துரலாம்னு சொன்னாங்கண்ணே."

"வண்டி தொடைக்கவா?"

அப்படியே தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். ஒவ்வொரு வேட்டியாக எடுத்துத் தட்டி மடித்து வைத்தார். அப்பா உள்ளேயிருந்து வந்தார். புது வேட்டி, புதுக் கரை, கஞ்சி மொடமொடப்புப் போகவில்லை. மாமா நிமிர்ந்து அந்தக் கரையைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

"நான் கட்டிக்கிறேன் மாப்ள. எனக்குக் குடுங்க."

"எடுத்துக்கங்க மச்சான்."

"கொடி எங்க? மொத மாநாட்டுல ஒங்களுக்குக் குடுத்தாங்களே, அந்தக் கொடி. இதுல காணமே."

"அது எலி கடிச்சுப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

மாமா தலையாட்டினார். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பி நின்றார்.

"நீங்க எங்கிட்டு வேணாலும் போங்க மாப்ள. ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா நான் செத்தா எனக்கு நம்ம கொடி போத்தித்தான் தூக்கணும். நீங்கதான் வந்து போத்துவீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே வேற ஆளு வரணும்."

எங்கள் பக்கம் கட்சிக்காரர் வீட்டுச் சாவில் இது ஒரு வழக்கம். பாடை எடுப்பதற்கு முன்னால் ஒன்றியச் செயலாளர் நாலு பேரோடு வந்து, உடல்மேல் கட்சிக் கொடியைப் போர்த்தி மாலை வைப்பார். ஊர் முக்கில் கொடியை அரைக் கம்பத்துக்கு இறக்குவார்கள். குடும்பத்தில் ஆயிரம் சண்டை இருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். எனக்கு அந்த வயதில் அது பெரிய வேடிக்கையாகத் தெரிந்தது. ஒரு துணிக்காக மனுஷன் இப்படி ஏங்குவாரா என்று அம்மாவிடம் கேட்டேன். 'ஒனக்கு என்ன தெரியும், வாய மூடு' என்றாள்.

அதன் பிறகு மாமா அப்பாவோடு சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. எதிரில் பார்த்தால் 'இருக்கீங்களா' என்பார், 'இருக்கேன்' என்பார் அப்பா. அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து வந்து தங்கச்சியிடம் பூவைக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் கட்டியிருப்பது அப்பாவின் பழைய வேட்டி. அப்பா வளர்த்தி, மாமா குட்டை. அதனால் வேட்டியின் கரை தரையில் புரளும். தெருவில் அவரைப் பார்த்தால் அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

புதுக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அப்பா ஒன்றியக்குழுத் தலைவரானார். எங்கள் வீடு சேர்மன் வீடு ஆனது. அப்பா அந்தப் பதவியில் நன்றாகத்தான் உழைத்தார் என்று எதிர்க்கட்சிக்காரர்களே சொல்வார்கள். தண்ணீர்த் தொட்டி வந்தது, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வந்தது. எனக்கும் ஒன்று வந்தது. நான் அப்போது ஜெகதாப்பட்டினத்தில் வேதியியல் ஆசிரியை. கடலுக்குப் போன அப்பனை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று பாதி வகுப்பில் எழுந்து ஓடும் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூடம். அங்கிருந்து என் ஊருக்கு எட்டு கிலோமீட்டரில் இருக்கும் பள்ளிக்கு மாறுதல் கிடைத்தது. அரசியலே பிடிக்காது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த மாறுதல் ஆணையை வாங்கும்போது அதை யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

சேர்மன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் கட்சித் தலைவர் படம். அடுத்த பக்கத்தில் தலைமை: அமைச்சர். முன்னிலை: மாவட்டச் செயலாளர். வாழ்த்துரை என்று போட்டு மூன்று பத்தியில் முப்பது பெயர். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அடைப்புக்குறிக்குள் பதவி. பொண்ணு, மாப்பிள்ளை பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'தங்கள் வருகையை விரும்பும்' என்று சொந்தக்காரர்கள். அதில் முதலில் தாய்மாமன் என்று என் மாமாவின் பெயர்.

புதுக்கோட்டையில் அச்சகத்துக்குப் புரூஃப் பார்க்க நான்தான் போனேன். அப்பா எழுதுவது எல்லாவற்றையும் நான்தான் பார்ப்பேன். கடைசிப் பக்கத்தை எடுத்தேன். பெரியப்பா பெயருக்குக் கீழே கூட்டுறவு சங்க இயக்குநர். சித்தப்பா பெயருக்குக் கீழே ஊராட்சி உறுப்பினர். என் மாமா பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் பெயர். அத்தனை பதவிக்கு நடுவே அது மொட்டையாக நின்றது. மணவறைக்கு என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகப்போகிற மனுஷன். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் அடுத்த நிமிடமே கை வேலை செய்துவிடும். சிவப்புப் பேனாவை எடுத்து அவர் பெயருக்குக் கீழே 'கிளைச் செயலாளர்' என்று எழுதி, முன்னால் பழைய கட்சியின் பெயரையும் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வெறும் பெயர் என்றால் அது சொந்தம். கட்சிப் பதவியோடு போட்டால் அது அரசியல். புதுக் கட்சித் தலைவர் படம் போட்ட அழைப்பில், புதுக் கட்சி அமைச்சரை வரவேற்று, பழைய கட்சியின் கிளைச் செயலாளர் பதவியோடு நிற்கிறார் என்று ஆகிவிடும். அப்பா அதைத் தெரிந்துதான் பதவி போடாமல் விட்டிருந்தார். ஊரில் எட்டாவது படித்தவருக்கும் தெரியும் இது. எம்.எஸ்ஸி. படித்த எனக்குத் தெரியவில்லை.

பத்திரிகை அச்சாகி வந்தது. கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துப் பார்த்த அப்பா கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இத யாரு போடச் சொன்னா?"

அவர் குரலைக் கேட்டதும்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு எப்போதுமே கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

"மாமாதான் போடச் சொன்னாங்க" என்றேன்.

அப்பா என்னைத் திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மச்சானா சொன்னாரு? பதவியோடயா?"

"ம்."

"என் மேடையில பதவியோட நிக்கிறேங்கிறான்" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "மன்னிச்சுட்டான். கேட்டியா, ஒங்கண்ணன் என்னைய மன்னிச்சுட்டான்." அழுகை வந்துவிட்டது அவருக்கு. என் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் 'நான் பொய் சொன்னேன்' என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது என்னிடம் இல்லை.

மாமாவுக்குப் பத்திரிகையை அம்மா கொண்டுபோய் வைத்தாள். அவர் படித்திருப்பார். மாற்றச் சொல்லி வரவில்லை. கல்யாணத்தன்று பட்டு வேட்டியில் வந்தார், கரை வேட்டியில் வரவில்லை. எனக்கு மாமன் மாலை போட்டார். மணவறைக்கு அழைத்துப் போகும்போது அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது. படியேறும் இடத்தில் அப்பா வந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பதவியோட போடச் சொன்னீங்களாமே மச்சான். எனக்கு அது போதும். வேற ஒண்ணும் வேணாம்."

மாமா என்னைப் பார்த்தார். மாலையும் நகையுமாக நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணப் பெண் தலை குனிவதில் யாருக்கும் சந்தேகம் வராது.

"ஆமா மாப்ள" என்றார் மாமா. "நான்தான் சொன்னேன்."

பத்து நாளில் அந்தக் கடைசிப் பக்கம் மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. ஊரிலேயே மாமாவின் பதவிமேல் ஒருவருக்குக் கண். அவர் அதைத் தலைமைக்கு அனுப்பிவிட்டார். தலைமையிலிருந்து மாமாவிடம் விளக்கம் கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, வழியும் சொல்லிக் கொடுத்தார்கள். 'எனக்குத் தெரியாமல் என் பெயரோடு பதவியைப் போட்டுவிட்டார்கள்' என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், விஷயம் முடிந்துவிடும் என்றார்கள். அது உண்மையும்கூட. மாமா அந்த ஒரு வரியை எழுதவில்லை. கட்சிப் பத்திரிகையில் சின்னக் கட்டத்துக்குள் செய்தி வந்தது. கட்டுப்பாட்டை மீறியதால் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்பட எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீக்கம்.

நான் அப்போது அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். நேரே பூ மார்க்கெட்டுக்குப் போனேன். மாமா தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதிரிப் பூவைச் சாக்கிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் எழுதிக் குடுத்துர்றேன். நான்தான் போட்டேன்னு."

"எழுதுனா ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சுரும்."

"தெரியட்டும்."

"வேணாம் ஆத்தா." பூவை அளைந்துகொண்டே சொன்னார். "அன்னிக்கு மண்டபத்துல அவரு மொகத்தப் பாத்தியா? அது நானே சொல்லணும்னு நெனச்சுக்கிட்டு இருந்ததுதான். எனக்கு வாய் வரல. நீ சொல்லிட்ட. இப்ப போயி அது பொய்யின்னா, அந்த மனுஷன் என்ன ஆவாரு?"

"ஒங்க கட்சி மாமா?"

"என்னைய எடுத்துட்டாங்க. நான் எங்க போயிட்டேன்? இங்கனதான இருக்கேன்."

அவர் வேண்டாம் என்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். இன்னொரு தடவை நான் வற்புறுத்தவில்லை. முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் அழுதேன் என்று சொல்லலாம், அது பொய். அழவில்லை.

அதன்பின் அப்பாவும் மாமாவும் பழையபடி பேசிக்கொண்டார்கள். பொங்கலுக்கு மாமா வீட்டுக்கு வந்தார். ஒரே இலைப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 'ஒரு வரி எழுதிக் குடுத்துத் தொலைங்களேன் மச்சான், நான் கோவிச்சுக்க மாட்டேன்' என்று அப்பா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். 'நடந்தத நடக்கலன்னு எப்படி மாப்ள எழுதுறது' என்பார் மாமா. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உறுப்பினர் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் மாமா படிவம் கேட்டுப் போவார். மன்னிப்புக் கடிதம் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நாள் பழைய கட்சியின் பொதுக்கூட்டம். பள்ளி முடிந்து அந்த வழியாக வந்தேன். பொதுக்கூட்டம் என்றால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மாமா ஓரமாக ஒரு எலக்ட்ரிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார், தரையில் புரளும் அப்பாவின் வேட்டியோடு. நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கூப்பிட்டார், "பெரியவரே, எடம் இருக்கு, உக்காருங்க."

"இருக்கட்டும்ப்பா. நான் உறுப்பினர் இல்ல" என்றார் மாமா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வண்டியைக் கிளப்பினேன்.

போன மாசி மாதம் மாமா போய்விட்டார். கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே பக்கத்துப் பூச்சாக்கின்மேல் சாய்ந்திருக்கிறார். காலை ஒன்பது மணி இருக்கும். வகுப்பில் இருந்த எனக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேரும்போது வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு எடுப்பது என்று பேசியிருந்தார்கள். அம்மா அண்ணன் காலடியில் கிடந்தாள். அப்பா எழுந்து என்னிடம் வந்தார்.

"வண்டிய எடு. ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்துருவோம்."

அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. பதவியெல்லாம் முடிந்து, புதுக் கட்சியில் மாவட்டப் பொறுப்பு ஒன்றை மரியாதைக்காக வைத்திருந்தார்கள். புதுக் கட்சிக் கரை வேட்டியோடு என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பழைய கட்சியின் இப்போதைய ஒன்றியச் செயலாளர் அப்பாவிடம் மேடைப் பேச்சுப் படித்தவர். வாசலுக்கு ஓடி வந்தார்.

"வாங்கண்ணே. கேள்விப்பட்டேன். கெளம்பிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கொடியோட வரணும்ப்பா" என்றார் அப்பா. "அவன் கேட்டது அது ஒண்ணுதான்."

அவர் முகம் மாறியது. எங்களை உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

"அண்ணே, நான் மூணு வாட்டி மேல எழுதினேன், திருப்பிச் சேத்துக்கங்கன்னு. மன்னிப்புக் கடிதம் இல்லாம முடியாதுன்னுட்டாங்க. நீக்குனவருக்குக் கொடி போத்துனா நாளைக்கு என்னையக் கேப்பாங்க. மாலையோட வாரேன், சொந்தக்காரனா வாரேன். கொடி மட்டும் முடியாதுண்ணே."

"ஒரு வரி எழுதச் சொன்னேன், கேக்கல அவன்."

"எழுதினாருண்ணே. அதான் பிரச்சனையே." பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். ஒரு தாளை உருவி அப்பாவிடம் நீட்டினார். மாமாவின் கோணல் கையெழுத்து. 'என் மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் என் பதவியைப் போடச் சொன்னது நான்தான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை.' கீழே பெயர், பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை.

வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை. நான் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தேன்.

திரும்பி வரும்போது அப்பா பின்னாலிருந்து சொன்னார், "பாத்தியா ஆத்தா. எனக்காக எழுதிக் குடுத்துருக்கான். எனக்காகக் கட்சியவே விட்டுருக்கான்." வண்டி ஓட்டுகிறவள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

சாவு வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு விடச் சொன்னார். பீரோவைத் திறந்தார். பத்திரங்கள் வைக்கும் அறைக்கும் அடியில் கையை விட்டு ஒரு மஞ்சள் பையை இழுத்தார். உள்ளே செய்தித்தாளில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு, அந்தக் கொடி. முதல் மாநாட்டில் கொடுத்தது. எலி கடிக்கவில்லை. ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"இத்தனை வருஷமா வச்சிருந்தீங்களாப்பா?"

"வச்சிருந்தேன்."

"எதுக்கு?"

பதில் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. கொடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத்தான். வேற எதுக்கு?" என்றார். "ஒங்க அம்மாகிட்ட எப்படியாவது சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சிருந்தேன். உள்ளுக்குள்ள போத்திட்டு, மேல இந்தக் கட்சிக் கொடியப் போத்தட்டும்னு."

இருபத்தெட்டு வருடத்தை ஒரு மனுஷன் டிவியில் சிரித்துவிட்டு வந்ததும் கழற்றிப் போட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துத்தான் அவரைக் கொஞ்சம் கேவலமாகவும் பார்த்திருந்தேன், அவர் வாங்கிக் கொடுத்த மாறுதலில் வேலை பார்த்துக்கொண்டே.

நாலு மணிக்கு அப்பா பந்தலுக்குள் வந்து கொடியை விரித்தார். பழைய கட்சிக்காரர்கள் மாலையோடு ஓரமாக நின்றிருந்தார்கள். புதுக் கட்சிக் கரை வேட்டி கட்டிய கிழவர், பழைய கட்சிக் கொடியை மாமாவின் நெஞ்சிலிருந்து கால்வரை போர்த்தினார். சுருக்கத்தை நீவிவிட்டார். முதலில் யாரும் அசையவில்லை. பிறகு அந்த ஒன்றியச் செயலாளர் இரண்டு அடி முன்னால் வந்து, தலையைக் குனிந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். அம்மா மட்டும் தரையிலேயே இருந்தாள், எழுந்திருக்க முடியவில்லை அவளால்.

யாரோ செல்போனில் படம் எடுத்திருக்கிறார்கள். மறுநாளே அது எங்கெங்கோ சுற்றியது. எட்டாம் நாள் புதுக் கட்சியின் மாவட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு அப்பாவுக்குக் கடிதம் வந்தது. கடிதத்தோடு போனும் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார் அப்பா.

"பெருசா ஒண்ணும் இல்லண்ணே. துக்கத்துல இருந்தேன், சொந்தக்காரங்க கையில குடுத்தத என்னன்னு பாக்காம போத்திட்டேன்னு ஒரு வரி எழுதுங்க. முடிஞ்சுரும்."

"எழுதி அனுப்புறேன்" என்றார் அப்பா.

அப்பாவின் கடிதங்களை எப்போதும் நான்தான் எழுதுவேன். சாப்பாட்டு மேசையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எழுது" என்றார். "கொடி என்னுடையது. தெரிந்துதான் போர்த்தினேன். அவ்வளவுதான்."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பேனாவை வாங்கியதும் என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"அப்பா, அந்தப் பத்திரிகையில மாமா பதவியப் போட்டது நான்தான். மாமா சொல்லல. நான் அவங்ககிட்டக் கேக்கவே இல்ல. ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அம்மாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்றும் நினைத்தேன். அவர் கேட்டார், ஒரு சின்னப் பிள்ளை கேட்பதுபோல.

"அப்ப, அவன் என்னைய மன்னிக்கலையா?"

"நானே சொல்லணும்னு நெனச்சதுதான், எனக்கு வாய் வரலன்னாங்க" என்றேன். "பூ மார்க்கெட்டுல வச்சு என்கிட்டச் சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரிய வேணாம்னு சொன்னாங்க."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா எனக்கு எதிரே இன்னொரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தாள்.

"இது அங்கிட்டு ஒண்ணு எழுதுறதுக்கு" என்றார் அப்பா. "பழைய ஆபீசுக்கு. நீ செஞ்சத நீ எழுது. ஒன் கையெழுத்துப் போடு. இனிமே அவனுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, இருந்தாலும் அந்த ஃபைல்ல இது இருக்கணும்."

எழுதினேன். பத்து வருடத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டியது மொத்தமே மூன்று வரிதான். மாமாவின் பெயர் வரும் இடத்தில் அப்பா விரலை வைத்தார்.

"பேரை மொட்டையா விடாத" என்றார். "கீழ பதவியப் போடு."

மாமாவின் பெயருக்குக் கீழே, கிளைச் செயலாளர் என்று எழுதினேன்.